பென்சிலினை உடைக்கும் நொதிக்கும் எல்லை உண்டு

1940 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் எட்வர்ட் ஏபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். ஆக்ஸ்போர்டில் பென்சிலினைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தும் வேலையில் இருந்த குழுவைச் சேர்ந்தவர்கள் இருவரும். ஈ.கோலை பாக்டீரியாவைச் சிதைத்து எடுத்த சாறு பென்சிலினைச் செயலிழக்கச் செய்கிறது, சூடாக்கினால் சாறு அந்த ஆற்றலை இழந்துவிடுகிறது, ஆகவே அதில் இருப்பது ஒரு நொதி என்பதுதான் குறிப்பின் சாரம். பென்சிலினேஸ் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது தேதி. அந்தக் குழு தன் முதல் நோயாளிக்கு, கிருமித் தொற்றால் சாகக் கிடந்த ஒரு காவலருக்கு, பென்சிலின் செலுத்திச் சிகிச்சை தொடங்கியது 1941 பிப்ரவரியில். மருந்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும் முன்பே மருந்தை அழிக்கும் பொருள் அச்சேறிவிட்டது. நாம் மருந்தை அளவுக்கு மீறி விழுங்கினோம், அதைப் பார்த்துப் பாக்டீரியாக்கள் பாடம் கற்றுக்கொண்டன என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதைக்கு இந்தத் தேதி ஒத்துவரவில்லை. கதையின் மறுபாதியும், அதாவது பாக்டீரியாவின் தந்திரத்துக்கு முடிவே கிடையாது, எதைக் கொடுத்தாலும் அது ஒரு வழி கண்டுபிடித்துவிடும் என்பதும், அதே அளவுக்குச் சந்தேகத்துக்கு உரியது. மருந்தெதிர்ப்பை உண்டாக்கும் நொதிகளை அணு அணுவாகப் பார்த்தவர்கள் கண்டது வேறு. இந்த நொதிகளுக்கு எல்லைகள் உண்டு. ஒரு திறமையைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உண்டு. அந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட இடங்களில் மருத்துவம் முன்னேறியிருக்கிறது, தெரியாத இடங்களில் தடுமாறியிருக்கிறது என்பது என் வாதம்.

பென்சிலின் எப்படிக் கொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பாக்டீரியாவைச் சுற்றி, சர்க்கரைச் சங்கிலிகளும் குறுகிய அமினோ அமிலத் தொடர்களும் சேர்ந்த ஒரு சுவர் இருக்கிறது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். இந்தச் சங்கிலிகளைக் குறுக்கே இணைப்பதற்கென்று சில நொதிகள் உண்டு. அவை தொடரின் நுனியில் இருக்கும் இரண்டு அலனின் அமினோ அமிலங்களைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றன. பென்சிலினின் வடிவம் அந்த இரட்டை அலனினை ஒத்திருக்கிறது என்று 1965இல் டிப்பரும் ஸ்ட்ராமிங்கரும் சொன்னார்கள். நொதி ஏமாந்து பென்சிலினைப் பற்றுகிறது. பென்சிலினின் மையத்தில் மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம் ஒன்று இருக்கிறது. பீட்டா-லாக்டம் என்று பெயர். நான்கே அணுக்களில் நெருக்கி வளைக்கப்பட்ட வளையம் என்பதால் அது எளிதில் திறந்துகொள்ளும். நொதியில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம் அதைத் தாக்கியதும் வளையம் திறந்து, மருந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது, தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. சுவர் வேலை நின்றுபோகிறது, பாக்டீரியா வெடித்துச் சாகிறது.

பென்சிலினேஸ் செய்வதும் முதல் கட்டம் வரை இதேதான். அதிலும் ஒரு செரின், அதே தாக்குதல், அதே வளையத் திறப்பு. வேறுபாடு இரண்டாம் கட்டத்தில் வருகிறது. இந்த நொதியின் உள்ளே, சரியான இடத்தில், ஒரு நீர் மூலக்கூறு பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. தொடரின் 166ஆம் இடத்தில் இருக்கும் குளுட்டாமிக் அமிலம் அந்த நீரைத் தூண்டிவிட, நீர் மருந்தை நொதியிலிருந்து வெட்டிவிடுகிறது. உடைந்த மருந்து வெளியே போகிறது, நொதி அடுத்ததற்குத் தயார். சுவர் கட்டும் நொதியில் மணிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் பென்சிலின் இங்கே விநாடிக்கு ஆயிரம் மூலக்கூறுகளுக்கு மேல் உடைபடுகிறது. சுவர் நொதிகளின் கட்டமைப்பையும் இதன் கட்டமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று புரிகிறது. பாக்டீரியாவின் பலவீனமான உறுப்பே ஒரு நீர் மூலக்கூறின் துணையோடு அதன் ஆயுதமாகியிருக்கிறது. இன்று பீட்டா-லாக்டமேஸ் என்ற பொதுப்பெயரில் அழைக்கப்படும் நொதிகளில் மூன்று வகுப்புகள் இப்படிச் செரினை நம்பியிருப்பவை. நான்காவது வகுப்பு துத்தநாகத்தை நம்பியிருப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இவை எப்போது தோன்றின? கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளில் பென்சிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நியூ மெக்சிகோவின் லெச்சுகில்லா குகையில், வெளியுலகத் தொடர்பற்று 40 லட்சம் ஆண்டுகள் கிடந்த பகுதிகளின் பாக்டீரியாக்களும் இன்றைய பல மருந்துகளுக்கு அசையவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் யுகங்களாக ஒன்றன்மீது ஒன்று வீசிவந்த பொருள்களையும் அவற்றைச் சற்றே மாற்றியமைத்த வடிவங்களையும்தான் நாம் மருந்தாக்கி வைத்திருக்கிறோம். ஆயுதம் இருந்த இடத்தில் கேடயமும் இருந்தது. நாம் செய்தது கேடயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சி.டி.எக்ஸ்.-எம். என்று ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் செபலோஸ்போரின் மருந்துகளை உலகம் முழுவதும் பயனற்றதாக்கி வருவது இதுதான். இதன் பிறப்பிடம் க்ளுய்வெரா என்ற, மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத பாக்டீரியாவின் குரோமோசோம். அங்கிருந்து அது பிளாஸ்மிட் எனப்படும் வட்ட டி.என்.ஏ. துண்டுகளில் ஏறி, ஒரு பாக்டீரியா இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதன் மிகப் பரவலான வடிவமான 15ஆம் எண் முதலில் விவரிக்கப்பட்டது இந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவில், 2001இல்.

புதிதாக ஒன்றைப் படைக்கும் ஆற்றல் பாக்டீரியாவுக்கு வரம்பின்றி இருக்கிறது என்ற எண்ணத்தை இந்தப் பழமையே கொஞ்சம் அசைக்கிறது. பெரும்பாலும் அது படைக்கவில்லை, எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதைத் திருத்தும்போது என்ன நடக்கிறது என்பதற்கு டெம்-1 நொதியைவிட நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் கிடையாது. 1965இல் ஏதென்ஸ் நகர நோயாளி ஒருவரிடம் கண்டறியப்பட்டது; அவர் பெயரின் முதல் எழுத்துகளே நொதியின் பெயராயின. பிளாஸ்மிட்டில் இருந்ததால், 1970களின் நடுவிலேயே மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹீமோஃபிலஸ் கிருமிக்கும் மேகவெட்டைக் கிருமிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. டெம்-1 பென்சிலினையும் ஆம்பிசிலினையும் உடைக்கும். ஆனால் 1980 வாக்கில் வந்த செஃபோடாக்சைம் போன்ற செபலோஸ்போரின்களின் பக்கக்கிளை பெரியது, நொதியின் வாய்க்குள் நுழையாது. மருந்து வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். 1983இல் ஜெர்மனியிலிருந்து, டெம் நொதியின் நெருங்கிய உறவான எஸ்.எச்.வி. என்பதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, புதிய மருந்துகளையும் உடைக்கும் வடிவம் தோன்றிவிட்டதாகச் செய்தி வந்தது. 238ஆம் இடத்தில் கிளைசின் இருந்த இடத்தில் செரின். அவ்வளவுதான். டெம் நொதியிலும் அதே இடத்தில் அதே மாற்றம் பின்னர் தெரியவந்தது. இப்போது டெம் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

இருநூறு என்ற எண்ணைக் கேட்டால் மனம் தளரத்தான் செய்யும். ஆனால் அந்த 238ஆம் இடத்து மாற்றத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நொதியின் வாய் அகலமாகிறது, பெரிய மருந்து உள்ளே போகிறது, உண்மைதான். அதற்கு விலையாக நொதியின் மடிப்பு தளர்கிறது. புரதம் என்பது மடிந்து நிற்கும் ஒரு சங்கிலி. மடிப்பு உறுதியாக இல்லாவிட்டால் அது கலைந்து பாக்டீரியாவுக்குள்ளேயே சிதைந்துவிடும். பழைய பென்சிலினை உடைக்கும் வேகமும் குறைகிறது. இந்தத் தளர்வை ஈடுகட்டுவது 182ஆம் இடத்தில் வரும் இன்னொரு மாற்றம். மருந்து உடைக்கும் இடத்திலிருந்து தொலைவில் இருக்கும் அந்த மாற்றம் தனியாக வந்தால் மருந்தெதிர்ப்புக்கு ஒரு பயனும் இல்லை. அது மடிப்பை இறுக்குகிறது, மற்ற மாற்றங்கள் வர இடம் கொடுக்கிறது. 2006இல் டேனியல் வைன்ரைக்கும் சகாக்களும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து குறிப்பிட்ட மாற்றங்கள் சேர்ந்தால் செஃபோடாக்சைமுக்கு எதிர்ப்பு ஒரு லட்சம் மடங்கு கூடும். ஐந்து மாற்றங்களை 120 வரிசைகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடையலாம். அந்தக் குழு எல்லா இடைநிலை வடிவங்களையும் செய்து அளந்தது. ஒவ்வொரு அடியிலும் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும் வரிசைகள் 18 மட்டுமே. மற்ற 102 வழிகளும் எங்கோ ஓர் அடியில் முட்டுகின்றன. இயற்கைத் தேர்வுக்கு முன்யோசனை கிடையாது, நாளைய லாபத்துக்காக இன்றைய நட்டத்தை அது பொறுத்துக்கொள்ளாது. எனக்குத் தெரிந்து, பாக்டீரியாவின் எல்லையற்ற தந்திரம் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு எதுவும் இல்லை.

இது ஆய்வகத்துச் சுவாரசியம், நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பழையது. கனமைசினை ஈ.கோலை எப்படி முறியடிக்கிறது என்று 1967இல் ஜப்பானின் ஹமாவோ உமேசாவா கண்டறிந்தார். ஒரு நொதி மருந்தின் குறிப்பிட்ட ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதியின்மேல் பாஸ்பேட்டை ஒட்டவைக்கிறது, ஒட்டியதும் மருந்து செத்துவிடுகிறது. அந்த ஹைட்ராக்சிலே இல்லாமல் மருந்தைச் செய்துவிட்டால்? அப்படிச் செய்ததுதான் 1971இல் வந்த டிபெகாசின். நொதிக்குப் பிடிமானம் போயிற்று. எதிர்ப்பின் இயக்கத்தைத் தெரிந்துகொண்டு அதற்கென்றே செய்யப்பட்ட முதல் மருந்துகளில் இது ஒன்று. பென்சிலின் பக்கத்தில் வேறு உத்தி பலித்தது. பீச்சம் நிறுவனத்தார் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து 1970களில் கிளாவுலானிக் அமிலத்தைக் கண்டெடுத்தார்கள். அதிலும் பீட்டா-லாக்டம் வளையம் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் சொற்பம். நொதி அதைப் பற்றியதும் வளையம் திறந்து, நீர் வெட்டுவதற்குள் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. நொதியின் வேகமே அதற்கு எமனாகிறது. அமாக்சிசிலினோடு சேர்த்து 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இந்தக் கூட்டு மருந்தை இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் பல பெயர்களில் வாங்கலாம். சீட்டில் ‘கிளாவ்’ என்று முடியும் மாத்திரைகள் பெரும்பாலும் இதுதான்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழுகிறது. தடுப்பான்களையும் பாக்டீரியா முறியடித்துவிட்டதே? உண்மை. கிளாவுலானிக் அமிலத்துக்கு அசையாத டெம் வடிவங்கள் உண்டு. கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் கே.பி.சி. நொதி 1996இல் வட கரோலினாவில் எடுத்த பாக்டீரியாவில் இருந்தது, 2001இல் விவரிக்கப்பட்டது. அதை முடக்க, பீட்டா-லாக்டம் வளையமே இல்லாத அவிபாக்டம் என்ற தடுப்பான் உருவாக்கப்பட்டு, செஃப்டாசிடைம் என்ற செபலோஸ்போரினோடு சேர்த்து 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டே ஆண்டுகளில், சிகிச்சையின்போதே எதிர்ப்பு தோன்றிய நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் வந்துவிட்டன. ஆனால் அந்த அறிக்கைகளைக் கடைசி வரை படிக்க வேண்டும். பல நோயாளிகளிடம் மாறியிருந்தது கே.பி.சி.யின் 179ஆம் இடம், அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக டைரோசின். இந்த மாற்றத்தால் நொதி புதிய கூட்டு மருந்துக்குத் தப்பியது, கூடவே கார்பபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனத்தை உடைக்கும் திறனைப் பெருமளவு இழந்தது. எதற்காகப் பெயர் பெற்றதோ அதையே கைவிட்டது. மெரோபெனத்தை மட்டும் தனியே கொடுத்தால் நொதி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது என்பதால், இதை ஓர் எளிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கதவு திறக்கும்போது எந்தக் கதவு மூடுகிறது என்று அறிந்தவர் இரண்டு கதவுக்கும் சேர்த்து மருந்து தர முடியும். மெரோபெனத்தோடு போரான் அடிப்படையிலான வாபோர்பாக்டமைச் சேர்த்த மருந்து 2017 முதல் இருக்கிறது.

துத்தநாக வகுப்புக்கு வருவோம். இந்தியாவுக்கு இதுவே முக்கியம். 2008இல் ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற, அதற்கு முன் புது டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளியிடம் கிடைத்த க்ளெப்சியெல்லா பாக்டீரியாவில் புதிய நொதி ஒன்று இருந்தது. 2009இல் அது என்.டி.எம்.-1 என்ற பெயரோடு வெளியானது. என், டி என்ற இரண்டு எழுத்துகளும் நியூ டெல்லியைக் குறிப்பதால் இங்கே பெரும் கோபம் எழுந்தது, நாடாளுமன்றம் வரை போனது. மருத்துவச் சுற்றுலாவுக்குக் குழி பறிக்கிறார்கள் என்றார்கள். கோபத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றாலும், பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் விட்டோம் என்றே நினைக்கிறேன். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு ‘லான்செட் இன்ஃபெக்ஷஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வு, இந்த நொதியைச் சுமந்த பாக்டீரியாக்களைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று பட்டியலிட்டது. அடுத்த ஆண்டு டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குடிநீர் மாதிரிகள் 50இல் 2இலும் இந்த மரபணு இருந்ததாக இன்னொரு ஆய்வு சொன்னது. என்.டி.எம். நொதியில் செரின் தாக்குதல் கிடையாது. இரண்டு துத்தநாக அயனிகளுக்கு நடுவே பிடித்துவைத்த நீரைக் கொண்டே அது நேராக வளையத்தை உடைக்கிறது. மருந்து நொதியோடு ஒட்டும் கட்டமே இல்லாததால், அந்தக் கட்டத்தை நம்பியே செய்யப்பட்ட கிளாவுலானிக் அமிலம், அவிபாக்டம் எதுவும் இதனிடம் எடுபடாது. பென்சிலின், செபலோஸ்போரின், கார்பபெனம் மூன்றையும் அழித்துவிடும்.

இவ்வளவு வல்லமை உள்ள நொதிக்கும் எல்லை உண்டா? உண்டு, குறைந்தது இரண்டு இடங்களில். ஒன்று, அஸ்ட்ரியோனம் என்ற 1980களின் மருந்து. இதில் பீட்டா-லாக்டம் வளையம் மட்டும் தனியாக இருக்கிறது, பக்கத்தில் ஒட்டிய இரண்டாவது வளையம் இல்லை. என்.டி.எம். இதைச் சரியாகப் பற்ற முடியாமல் விட்டுவிடுகிறது. அப்படியானால் அதையே கொடுத்திருக்கலாமே என்றால், என்.டி.எம். சுமக்கும் பாக்டீரியா பெரும்பாலும் சி.டி.எக்ஸ்.-எம். நொதியையும் சேர்த்தே சுமக்கிறது, அது அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். ஆனால் சி.டி.எக்ஸ்.-எம். செரின் வகுப்பு, அவிபாக்டமுக்கு அடங்கும். ஒரு நொதிக்குப் பிடிக்காத மருந்து, இன்னொரு நொதிக்கான தடுப்பான், இரண்டையும் சேர்த்தால் போதும். அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் கூட்டு 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது இந்தக் கணக்கில்தான். நொதிகளின் பட்டியலைப் படித்தவர் ஒரு காகிதத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு அது. இரண்டாவது எல்லை துத்தநாகம். தொற்று வந்ததும் நம் உடல் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொண்டு துத்தநாகத்தைக் கட்டிவைத்துக்கொள்கிறது. அயனி கிடைக்காத என்.டி.எம். உருக்குலைகிறது. மருத்துவமனைகளில் பரவிவரும் புதிய என்.டி.எம். வடிவங்கள் பலவற்றை அளந்து பார்த்தபோது, மருந்தை வேகமாக உடைப்பதைவிட, குறைந்த துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்வதில்தான் அவை தேர்ந்திருந்தன. நொதியின் தலைவலி எது என்று பரிணாமமே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2014இல், ஒரு பூஞ்சையிலிருந்து பெற்ற அஸ்பெர்ஜில்லோமராஸ்மின் என்ற பொருள் துத்தநாகத்தைப் பறித்து என்.டி.எம்.மை முடக்குவதையும், தொற்று ஏற்றிய எலிகளில் மெரோபெனத்துக்கு உயிர் திரும்புவதையும் காட்டியது. மனித உடலின் நொதிகள் பலவற்றுக்கும் துத்தநாகம் தேவை என்பதால் இதை மருந்தாக்குவது சுலபமில்லை. பலவீனம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்பதே இப்போதைக்கு லாபம்.

மூலக்கூறுகளைப் பற்றி இவ்வளவு பேசுவது திசைதிருப்பல், சிக்கல் சாக்கடையிலும் மருந்துக்கடையிலும் இருக்கிறது என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்வார்கள். டெல்லி நீர் மாதிரிகளின் எண்கள் அவர்கள் பக்கம்தான் பேசுகின்றன. 2019இல் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலகில் 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. தூய்மையான குடிநீரும் கைகழுவலும் தடுப்பூசியும் இதில் எவ்வளவோ பேரைக் காப்பாற்றியிருக்கும். இந்தியாவில் சீட்டில்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்த எச்1 அட்டவணை வந்ததும், கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்துக்கு 2019இல் தடை வந்ததும் தேவையான நடவடிக்கைகள். ஆனால் பயன்பாட்டைக் குறைத்தால் எதிர்ப்பு தானாகக் கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. பிரிட்டனில் 1990களில் சல்ஃபா மருந்துச் சீட்டுகள் 97 சதவீதம் குறைந்தன. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.கோலையின் சல்ஃபா எதிர்ப்பு 1991இல் 39.7 சதவீதமாக இருந்தது, 1999இல் 46 சதவீதமாயிற்று. எதிர்ப்பு மரபணு, மற்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்து பயணம் செய்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எந்த மரபணு எதோடு சேர்ந்திருக்கிறது, எந்த நொதி தன் பாக்டீரியாவுக்குச் சுமை, எது சுமையே இல்லை என்று தெரியாமல் எந்த மருந்தைக் குறைப்பது என்று முடிவெடுப்பது இருட்டில் தடவுவதுதான். சாக்கடையைச் சரிசெய்வதும் நொதியைப் படிப்பதும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, பணம் ஒதுக்கும் கூட்டங்களில் தவிர.

எல்லா எதிர்ப்பும் நொதியால் வருவதில்லை என்பது இன்னும் நுட்பமான ஆட்சேபம். பென்சிலினேஸுக்கு அடங்காத மெத்திசிலின் 1960 வாக்கில் வந்தது, 1961லேயே அதை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வந்தது. அது மருந்தை உடைக்கவில்லை, மருந்து ஒட்டாத வேறொரு சுவர் நொதியைக் கடன் வாங்கிக்கொண்டது. வெளிச்சவ்வின் துளைகளை அடைப்பது, உள்ளே வந்த மருந்தை வெளியேற்றுவது என்று வேறு வழிகளும் உண்டு. மேலே சொன்ன அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் கணக்கையும், என்.டி.எம். சுமக்கும் ஈ.கோலை சிலவற்றின் சுவர் நொதியில் கூடுதலாகச் செருகப்பட்ட நான்கு அமினோ அமிலங்கள் கொஞ்சம் கெடுக்கின்றன. இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனாலும் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் முதல் தடையாக நிற்பது பெரும்பாலும் நொதிதான், மற்ற வழிகள் அதன் மேல் சேர்கின்றன. நுழைவாயில் பிரச்சினையையும் நொதிப் பிரச்சினையையும் சேர்த்து யோசித்ததற்கு சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாசோபாக்டம் என்ற பழைய தடுப்பானில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருக்கச் செய்தால் அது பாக்டீரியாவின் வெளிச்சவ்வை இன்னும் நன்றாகக் கடக்கும். சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் ஃபார்மா இப்படி உருவாக்கிய என்மெட்டாசோபாக்டம், செஃபிபைம் என்ற செபலோஸ்போரினோடு சேர்ந்து, கடுமையான சிறுநீர்த் தொற்றில் பைபராசிலின்-டாசோபாக்டமோடு ஒப்பிடப்பட்டது. 2022இல் வெளியான அந்தச் சோதனையில் நோய் குணமாகி கிருமியும் நீங்கியவர்கள் 79.1 சதவீதம், பழைய மருந்தில் 58.9 சதவீதம். 2024இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. என்.டி.எம்.மை இது தடுக்காது. சி.டி.எக்ஸ்.-எம். வகைத் தொற்றுகளில் மெரோபெனத்தைத் தொடாமல் விட இது உதவும், அதுவே பெரிய விஷயம்.

இத்தனைக்கும் பிறகு, நம் ஆய்வகங்கள் பலவற்றிலிருந்து மருத்துவருக்குப் போகும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கு எதிரிலும் ஆர் (எதிர்ப்பு உண்டு) அல்லது எஸ் (மருந்து கேட்கும்) என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. மெரோபெனத்துக்கு எதிரே ஆர் என்று இருந்தால் அது கே.பி.சி.யாக இருக்கலாம், செரின் வகுப்பைச் சேர்ந்த ஆக்சா-48 என்ற நொதியாக இருக்கலாம், என்.டி.எம். ஆக இருக்கலாம். முதல் இரண்டுக்கும் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் வேலை செய்யும், மூன்றாவதுக்கு அதைத் தனியாகக் கொடுத்தால் விலையுயர்ந்த தண்ணீர். இந்தியாவில் கே.பி.சி. அரிது, என்.டி.எம்.மும் ஆக்சா-48 வகையும்தான் அதிகம், சில பாக்டீரியாக்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே அமெரிக்க வழிகாட்டி நூலை அப்படியே பின்பற்றுவதும் உதவாது. வளர்த்தெடுத்த பாக்டீரியாவிலிருந்து, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஒன்றில், கே.பி.சி., ஆக்சா-48, என்.டி.எம்., வி.ஐ.எம்., ஐ.எம்.பி. என்ற ஐந்து நொதிகளையும் கால் மணி நேரத்தில் பிரித்துச் சொல்லும் சோதனை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மெரோபெனம் வாங்கும் பட்ஜெட்டோடு இந்தப் பட்டைக்கும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும், ரிப்போர்ட்டில் ஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நொதியின் பெயரும் அச்சாக வேண்டும்.